பெட்டி மாறலாம், நாற்பது சுவிட்சையும் கழற்ற வேண்டியதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

விளக்கு, விசிறி, தண்ணீர் மோட்டார், வாசல் கதவு சென்சார் என வீட்டுச் சாதனங்களை ஒரே பெட்டியில் இணைத்து ஓட்டும் வீடுகள் நம் ஊர்களில் வந்துவிட்டன. ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினியில் ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டு மென்பொருளைப் போட்டு, சுவிட்சுகளோடு ஜிக்பீ என்ற கம்பியில்லா முறையில் பேசும் டாங்கிள் (யூஎஸ்பியில் செருகும் சிறு கருவி) ஒன்றைச் செருகி அமைத்துத் தருவது அவற்றில் ஒரு வகை. இந்தப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இப்போது ஒரு நெருக்கடி. 32 பிட் என்ற பழைய வகை அமைப்புகளுக்கான ஆதரவை நிறுத்தப்போவதாக ஹோம் அசிஸ்டன்ட் குழு 2025 மே மாதம் அறிவித்தது. அந்த ஆண்டு டிசம்பரோடு அது முடிந்தது. 32 பிட்டில் ஓடும் பெட்டிகளுக்கு இனி புதிய பதிப்பு வராது.

இதைச் சரிசெய்யக் கூப்பிட்டால், "எல்லா சுவிட்சையும் கழற்றி மறுபடி இணைக்கணும், பாயின்ட்டுக்கு இவ்வளவு" என்று கணக்குச் சொல்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் அது தேவையே இல்லை. முறையாகச் செய்தால் ஒரு சுவிட்சைக்கூடத் தொடாமல் மாறலாம். ஏன் முடியும், எங்கே தவறும் என்பதை வீட்டுக்காரர்களும் எலக்ட்ரீஷியன்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

சுவருக்குள் இருக்கும் ஜிக்பீ சுவிட்சுக்கு ராஸ்பெரி பையையும் தெரியாது, ஹோம் அசிஸ்டன்ட்டையும் தெரியாது. தான் சேர்ந்த வலையமைப்பின் அடையாளம் மட்டுமே அதற்குத் தெரியும். அந்த அடையாளம் ஐந்து விவரங்களால் ஆனது: 11 முதல் 26 வரையுள்ள சேனல்களில் ஒன்று, பேன் ஐடி (வலையமைப்பின் எண்), நீட்டித்த பேன் ஐடி, 16 எண்கள் கொண்ட நெட்வொர்க் கீ (ரகசியச் சாவி), கோஆர்டினேட்டர் எனப்படும் டாங்கிளின் 64 பிட் முகவரி. இந்த ஐந்தும் மாறாதவரை, பின்னால் எந்தக் கணினி வந்தாலும், எந்தப் பதிப்பு வந்தாலும், சுவிட்ச் அதைப் பழைய ஹப்பாகவே (மையப் பெட்டியாகவே) பார்க்கும்.

ஆறாவதாக ஒன்று உண்டு. பலரும் கோட்டை விடுவது அதில்தான். ஜிக்பீயில் போகும் ஒவ்வொரு செய்தியிலும் ஏறிக்கொண்டே போகும் ஒரு வரிசை எண் இருக்கும். ஃபிரேம் கவுன்ட்டர் என்பது அதன் பெயர். பழைய செய்தியைப் பிடித்துவைத்து யாராவது திரும்ப அனுப்பிக் கதவைத் திறந்துவிடக் கூடாது என்பதற்கான காவல் அது. கடைசியாகக் கேட்ட எண்ணைவிடக் குறைந்த எண்ணோடு வரும் செய்தியைச் சாதனம் ஏற்காது. ஆறு மாதத்துக்கு முன் எடுத்த பேக்கப்பைப் புதிய டாங்கிளில் ஏற்றினால் நடப்பது இதுதான்: கீ சரி, சேனல் சரி, திரையில் எல்லாச் சாதனமும் தெரிகிறது, ஆனால் பொத்தானை அழுத்தினால் ஒரு விளக்கும் எரியாது. கவுன்ட்டர் பின்தங்கிப் போயிருக்கும். டாங்கிளை மாற்றுவதாக இருந்தால் பேக்கப்பை அன்றே, அந்த வேலைக்குச் சற்று முன்புதான் எடுக்க வேண்டும். டாங்கிள் அதேதான், கணினி மட்டும் மாறுகிறது என்றால் இந்தக் கவலை இல்லை. கவுன்ட்டர் டாங்கிளுக்குள்ளேயே இருக்கிறது.

கணினியையே மாற்ற வேண்டுமா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ராஸ்பெரி பை 3, 4 இரண்டின் சிப்பும் 64 பிட்தான். அமைத்தவர் 32 பிட் மென்பொருளைப் போட்டிருப்பதால்தான் தகராறு. அதே கணினியில் 64 பிட் மென்பொருளைப் புதிய மெமரி கார்டில் எழுதிப் போட்டால் போதும். 'கணினியே வீண், புதுசு வாங்குங்கள்' என்று யாராவது சொன்னால், எந்த மாடல் என்று பலகையில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

வேலைக்கு நாள் பார்ப்பதும் முக்கியம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் பகுதிக்கு என்றைக்கு என்று பார்த்து, அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். ராஸ்பெரி பை, ரவுட்டர் இரண்டும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும். கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கார்டு கெடும். செல்போன் சார்ஜரை ராஸ்பெரி பைக்குப் போடும் வழக்கத்தையும் விட வேண்டும். பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் கொடுக்கும் அடாப்டர் வேண்டும். மின்னழுத்தம் குறைந்தால் யூஎஸ்பியில் செருகிய டாங்கிள் அவ்வப்போது காணாமல் போய்த் திரும்ப வரும்; அதைப் பார்த்து மென்பொருள் கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் அலைவார்கள். கார்டு 32 ஜிபி, ஏ2 தரம் என்று பார்த்து வாங்குங்கள்.

முதல் வேலை, மேலே சொன்ன விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்வது. ஜிக்பீ சாதனங்களை ஹோம் அசிஸ்டன்ட்டோடு இணைக்கும் ஜிக்பீ2எம்க்யூடிடி மென்பொருளைப் பயன்படுத்தும் வீடுகளில் இவை அதன் கான்ஃபிகரேஷன் கோப்பிலும் கோஆர்டினேட்டர் பேக்கப் கோப்பிலும் இருக்கும். சாதனங்களின் பட்டியல் டேட்டாபேஸ் கோப்பிலும், நீங்கள் வைத்த பெயர்கள் கான்ஃபிகரேஷன் கோப்பிலும் இருக்கும். இந்த மூன்று கோப்புகளும்தான் வலையமைப்பின் உயிர். ஹோம் அசிஸ்டன்ட்டுக்குள்ளேயே ஆட்-ஆனாக (துணை மென்பொருளாக) அதை நிறுவியிருந்தால் முழு பேக்கப்பில் இவையும் சேர்ந்தே வரும். ஆனாலும் தனியாக ஒரு நகல் எடுத்துவையுங்கள். எடுக்கும் முன் ஜிக்பீ2எம்க்யூடிடியை நிறுத்துங்கள். முறையாக நிறுத்தும்போதுதான் கோஆர்டினேட்டர் பேக்கப் கடைசி நிலையோடு புதிதாக எழுதப்படும். ஓடிக்கொண்டிருக்கும்போது நகலெடுத்தால் பழைய கவுன்ட்டர் மாட்டிக்கொள்ளும்.

பிறகு ஹோம் அசிஸ்டன்ட்டின் முழு பேக்கப். அதை அந்தப் பெட்டியின் கார்டிலேயே விட்டுவைப்பது, வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டுவதற்குச் சமம். மடிக்கணினிக்கு இறக்கி, பென்டிரைவிலும் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு கண்ணி: 2025 ஜனவரிப் பதிப்பிலிருந்து தானியங்கி பேக்கப் இயல்பாகப் பூட்டியே எழுதப்படுகிறது. அதைத் திறக்கும் சாவி, எமர்ஜென்சி கிட் என்ற சிறு கோப்பில் இருக்கும். பேக்கப் அமைப்புப் பக்கத்தில் அதை இறக்கிக்கொள்ளலாம். அந்தச் சாவி இல்லாமல் பேக்கப் கோப்பு எத்தனை இருந்தாலும் பயனில்லை. அச்சிட்டு வைப்பதே நல்லது. பழைய கணினியை நிறுத்துவதற்கு முன்பாகவே, இறக்கிய கோப்பு எத்தனை எம்பி இருக்கிறது என்றும் ஒருமுறை பாருங்கள். பாதியில் அறுந்த பதிவிறக்கத்தை நம்பிப் பழைய கார்டை அழித்துவிட்டால் மீட்க வழியில்லை.

அடுத்தது ரவுட்டர். ராஸ்பெரி பையின் ஐபி முகவரியை அதில் நிலையாக ஒதுக்குங்கள். கணினியே மாறும் வீட்டில் இது மிக அவசியம். புதிய கணினிக்குப் புதிய மேக் முகவரி (வன்பொருள் அடையாள எண்); ரவுட்டர் அதற்கு வேறு ஐபி கொடுக்கும். டாஸ்மோட்டா என்ற மென்பொருள் போட்ட வைஃபை சுவிட்சுகள், செய்திகளைக் கைமாற்றும் எம்க்யூடிடி சர்வரைப் பெரும்பாலும் ஐபி எண்ணை வைத்தே தேடும். எண் மாறியதும் அத்தனை வைஃபை சுவிட்சும் ஒரே நேரத்தில் ஊமையாகும். பழைய ஐபி எண்ணையே புதிய கணினிக்கு ஒதுக்கிவிட்டால் ஒரு சுவிட்சையும் தொட வேண்டியதில்லை.

இனி மாற்றம். பழைய ராஸ்பெரி பையை முறையாக ஷட்டௌன் செய்து, கார்டைக் கழற்றி, தேதி எழுதி எடுத்துவையுங்கள். புதிய கார்டில் 64 பிட் மென்பொருளை எழுதி, லேன் கேபிளில் இணைத்து, டாங்கிளைச் செருகாமல் மின்சாரம் கொடுங்கள். முதல்முறை தயாராக 20 நிமிடம்வரை ஆகலாம். திரையில் அசைவே இல்லையே என்று நடுவில் பிடுங்கிப் போடுவது, இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு. 8123 போர்ட்டில் வரவேற்புப் பக்கம் வந்ததும் புதிய வீடு தொடங்கும் பொத்தானை விட்டுவிட்டு, பேக்கப்பிலிருந்து மீட்கும் பொத்தானை அழுத்தி, கோப்பையும் சாவியையும் கொடுங்கள். மீட்டு முடிந்ததும் ஷட்டௌன் செய்து டாங்கிளைச் செருகி மறுபடி இயக்குங்கள்.

டாங்கிளை எங்கே, எப்படிச் செருகுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். யூஎஸ்பி 3 போர்ட்டும் அதில் மாட்டிய எஸ்எஸ்டியும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். இன்டெல் நிறுவனம் 2012-லேயே இதை அளந்து வெளியிட்டிருக்கிறது. ஜிக்பீ ஓடுவதும் அதே அலைவரிசைதான். டாங்கிளை யூஎஸ்பி 2 போர்ட்டில், ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் வழியாக, கணினியை விட்டுத் தள்ளி வையுங்கள். மாடிப்படிக்குக் கீழே இரும்பு டிபி பாக்ஸுக்குள்ளும், பீரோவுக்குப் பின்னாலும் ஹப்பை ஒளித்துவைக்கும் பழக்கம் இருக்கிறது. மென்பொருள் எவ்வளவு புதிதானாலும் இரும்பைத் தாண்டி அலை போகாது. டாங்கிளின் போர்ட் பெயரையும் கவனியுங்கள். அமைப்பில் 'முதல் யூஎஸ்பி' என்ற பொருளில் எழுதியிருந்தால் மறுதொடக்கத்தில் வேறு கருவி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம். டாங்கிளின் வரிசை எண் அடங்கிய நிலையான பாதையை எழுதுங்கள். எந்த ஓட்டையில் செருகினாலும் அது மாறாது.

டாங்கிளையும் சேர்த்து மாற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்று கிடைப்பவற்றில் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் சிசி2652 சிப், சிலிக்கான் லேப்ஸின் இஎஃப்ஆர்32 சிப் என இரண்டு குடும்பங்கள். ஒரே குடும்பத்துக்குள் மாறுவது எளிது. கோஆர்டினேட்டர் பேக்கப் கோப்பு இடத்தில் இருந்தால், மென்பொருளே அதைப் புதிய டாங்கிளில் எழுதிவிடும். பழைய டாங்கிளின் முகவரியையும் புதியதில் எழுதிவிடுவது பாதுகாப்பு. சில சாதனங்கள் அந்த முகவரிக்கே தகவல் அனுப்பப் பழகியவை. ஆனால் சிலிக்கான் லேப்ஸ் சிப்கள் சிலவற்றில் இந்த முகவரியை ஒருமுறைதான் எழுத முடியும்; எழுதும் முன் இரண்டு முறை சரிபாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே அடையாளத்தோடு இரண்டு டாங்கிள்களை ஒரே நேரத்தில் இயக்கக் கூடாது. பழையதை வேறொரு கணினியில் செருகிச் சோதித்துப் பார்க்கும் ஆசையே வேண்டாம்.

2531 எண் கொண்ட பழைய மலிவு டாங்கிள் வைத்திருப்பவர்கள் மட்டும் மறு இணைப்புக்குத் தயாராக இருங்கள். அதன் நினைவகம் 8 கேபிதான். நேரடியாகச் சுமார் 20 சாதனங்களுக்கு மேல் தாங்காது. அதை விட்டு வெளியே வருவதே நல்லது. மறு இணைப்பு என்றாலும், பழைய சாதனத்தைப் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள். ஒவ்வொரு சாதனத்துக்கும் தொழிற்சாலையில் எழுதிய முகவரி ஒன்று உண்டு. நீக்காமல் இணைத்தால் அந்த முகவரியை வைத்து மென்பொருள் அடையாளம் கண்டு, 'பூஜை அறை விளக்கு' என்று நீங்கள் வைத்த பெயரையும் அதை நம்பி எழுதிய ஆட்டோமேஷன்களையும் (தானியங்கிக் கட்டளைகளையும்) அப்படியே ஒட்டிக்கொள்ளும். நீக்கிவிட்டு இணைப்பதால்தான் அத்தனையையும் மறுபடி எழுதும் நிலை வருகிறது. மின் இணைப்புள்ள சுவிட்சுகளை முதலில், ஹப்புக்கு அருகிலிருந்து வெளிப்பக்கமாக இணையுங்கள். பேட்டரி சென்சார்களைக் கடைசியில், அவை இருக்கும் இடத்திலேயே வைத்து இணையுங்கள்.

திரையில் வரும் ஒரு பிழைச் செய்தியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முழு வலையமைப்பும் பறிபோவது இந்த இடத்தில்தான். ஜிக்பீ2எம்க்யூடிடி தொடங்கும்போது, கான்ஃபிகரேஷனும் அடாப்டரும் (அதாவது டாங்கிளும்) ஒத்துப்போகவில்லை என்று சொல்லி நின்றுவிடும். கோஆர்டினேட்டர் பேக்கப் கோப்பை அழித்தால் ஓடும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஓடும்தான், ஆனால் அது புத்தம் புதிய, காலியான வலையமைப்பு. நாற்பது சுவிட்சும் அனாதையாகிவிடும். அந்தச் செய்தியின் உண்மையான பொருள் வேறு: கான்ஃபிகரேஷனில் இருக்கும் கீயோ, பேன் ஐடியோ, சேனலோ டாங்கிளில் உள்ளதோடு பொருந்தவில்லை. புதிதாக நிறுவும்போது கீயைத் தானே உருவாக்கிக்கொள்ளும்படி விட்டிருப்பார்கள், அல்லது கோப்பை நகலெடுக்கும்போது ஒரு வரி விட்டுப்போயிருக்கும். செய்திக்குச் சற்று மேலே, எது எதோடு பொருந்தவில்லை என்று இரண்டு மதிப்புகளையும் அதுவே எழுதிக் காட்டும். தாளில் எழுதிவைத்த எண்ணோடு ஒப்பிட்டுக் கான்ஃபிகரேஷனைத் திருத்துங்கள். கோப்பை அழிக்க வேண்டாம்.

அதே கான்ஃபிகரேஷனில் கீ 1, 3, 5, 7, 9, 11, 13, 15 என்று தொடங்கினால், அது மென்பொருளோடு வந்த பொதுச் சாவி, உலகத்துக்கே தெரிந்தது. பேன் ஐடி 6754 என்றிருந்தால் அதுவும் தொழிற்சாலை மதிப்பே. கீயை மாற்றினால் எல்லாச் சாதனத்தையும் மறுபடி இணைத்தாக வேண்டும் என்பதால் மாற்றம் நடக்கும் நாளில் அதைத் தொடாதீர்கள். 2531 டாங்கிளிலிருந்து வருபவர்களுக்கு எப்படியும் மறு இணைப்பு உண்டு. அவர்கள் இந்த வாய்ப்பில் சொந்தச் சாவிக்கு மாறிவிடலாம். கதவுப் பூட்டை ஜிக்பீயில் வைத்திருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

2025 ஜனவரியில் வந்த ஜிக்பீ2எம்க்யூடிடி 2.0 பதிப்பு, பழைய பழக்கங்கள் சிலவற்றை எடுத்துவிட்டது. எப்போதும் புதிய சாதனங்களை அனுமதிக்கும் அமைப்பு போய்விட்டது. இனி ஒரு முறைக்கு அதிகபட்சம் 254 வினாடிதான் திறந்திருக்கும். நல்ல மாற்றம். வீட்டைப் பாதிக்கப்போவது இன்னொன்று. ஒயர்லெஸ் பொத்தான்களின் அழுத்தத்தைச் சொல்லும் ஆக்‌ஷன் சென்சார்கள் இயல்பாக வருவது நின்றுவிட்டது. படுக்கையோரப் பொத்தானை அழுத்தி விளக்கை அணைக்கும் ஆட்டோமேஷன் அந்த சென்சாரை நம்பி எழுதியிருந்தால், பொத்தானின் சிறு விளக்கு மின்னும், லாகில் அழுத்தமும் பதிவாகும், அறை விளக்கு மட்டும் அணையாது. பொத்தான் பழுது என்று புதிது வாங்காதீர்கள். ஆட்டோமேஷனில் அந்த சென்சாருக்குப் பதிலாக, சாதனத்தின் எம்க்யூடிடி டிரிகரைத் தேர்ந்தெடுத்தால் வேலை செய்யும். எத்தனை ஆட்டோமேஷன் இப்படி இருக்கிறது என்று மாறும் முன்பே எண்ணிப் பட்டியல் எடுத்துக்கொள்ளுங்கள். பதிப்பை ஏற்றுவதையும் கணினியை மாற்றுவதையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். முதலில் அதே பதிப்பில் இடம் மாறுங்கள், ஒரு வாரம் ஓடட்டும், பிறகு பதிப்பு. இரண்டையும் சேர்த்துச் செய்தால் எது கெட்டது என்று கண்டுபிடிக்க முடியாது. சேனல் மாற்றமும் அந்த வாரத்தில் வேண்டாம்.

மாறிய பிறகு பொறுமை வேண்டும். மின் இணைப்புள்ள சுவிட்சுகள் சில நிமிடங்களில் பதில் சொல்லும். பேட்டரி சென்சார்கள் தூங்குபவை. தாமாக எழுந்து பேசும்போதுதான் தெரியும். 24 மணி நேரம் கழித்தும் வராதவற்றில் பக்கவாட்டிலுள்ள பொத்தானைச் சும்மா ஒருமுறை அழுத்தி எழுப்புங்கள். 5 வினாடி அமுக்கிப் பிடித்தால் ரீசெட் ஆகிவிடும். நம் வீடுகளில் இன்னொன்றும் உண்டு: பல சுவிட்ச் பாக்ஸுகளில் நியூட்ரல் ஒயர் வராது. நியூட்ரல் இல்லாமல் ஓடும் ஜிக்பீ மாட்யூல்கள் பொதுவாக மற்றவற்றின் செய்தியைக் கடத்தித் தருவதில்லை. அத்தகைய மாட்யூல் மட்டுமே உள்ள மாடியில் சென்சார் அறுந்துகொண்டே இருந்தால், அங்கே ஒரு ஜிக்பீ பிளக்கைச் செருகுங்கள், முடிந்தால் இன்வெர்ட்டர் லைனில்.

டாஸ்மோட்டா சுவிட்சுகளைப் பற்றி ஒன்று. மிகப் பழைய பதிப்பிலிருந்து நேராக இன்றைய பதிப்புக்குத் தாவக் கூடாது. 7.2-லிருந்து 8.5.1, பிறகு 9.1, அதன் பிறகே இன்றையது. அமைப்புகளைச் சேமிக்கும் முறை நடுவில் மாறியிருப்பதால் படியைத் தாண்டினால் அவை குலைந்துபோகும். நடுவில் மின்சாரம் போய் சுவிட்ச் செத்தால், சுவரிலிருந்து கழற்றி சீரியல் அடாப்டரில் மீண்டும் எழுத வேண்டியிருக்கும். அதற்கு 3.3 வோல்ட்தான், 5 வோல்ட் கொடுத்தால் சிப் போய்விடும். 230 வோல்ட் இணைப்பு இருக்கும்போது அந்தப் பின்களில் எதையும் மாட்டவே கூடாது; அது உயிருக்கு ஆபத்து.

இறுதியாக, வீடு கட்டித் தருபவர்களிடமும் அமைத்துத் தருபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். வீட்டுக்காரர் பணம் கொடுத்து வாங்கிய சுவிட்சுக்கு அவரிடமே சாவி இல்லாத நிலை மாற வேண்டும். சாதனங்களை அமைத்தவரின் செல்போன் எண்ணில் பதிந்துவிட்டுப் போவது சரியல்ல. வேலை முடிந்து கையெழுத்து வாங்கும்போதே அட்மின் கடவுச்சொல், சேனல், பேன் ஐடி, நீட்டித்த பேன் ஐடி, நெட்வொர்க் கீ, டாங்கிளின் முகவரி, மென்பொருள் பதிப்பு எண்கள், பேக்கப் கோப்பு, அதைத் திறக்கும் சாவி ஆகியவற்றை வீட்டுக்காரரிடம் கொடுங்கள். குடியேறுபவர்களும் இவற்றைக் கேட்டு வாங்கிய பிறகே கடைசித் தவணையைக் கொடுக்கலாம். அமைத்தவர் தொடர்பில் இல்லாத வீடுகளில் பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே இவற்றை எடுத்துவிட வேண்டும். அட்மின் கடவுச்சொல் தெரியாவிட்டால் ராஸ்பெரி பைக்கு ஒரு மானிட்டரும் கீபோர்டும் மாட்டினால், அதன் திரையிலிருந்தே கடவுச்சொல்லை மாற்றும் வசதி ஹோம் அசிஸ்டன்ட் ஓஎஸ்ஸில் உண்டு. கார்டு கெட்ட பிறகு அந்த வழி இருக்காது.

இப்படிக்கு,
வீட்டுத் தானியங்கி அமைப்புப் பணியில் உள்ள வாசகர்கள்,
கோயம்புத்தூர்.